பாதிக் காற்று

வலது பக்கம் திரும்பாதே, திரும்பாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் கயிற்றைப் பிடித்து இறங்குகிறேன். திரும்பினால் ரொஸ்லி இருப்பான். ரொஸ்லி நல்ல மனுஷன். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்து, எங்களைப் போன்ற ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப் போய்ப் பத்திரமாக மேலே கொண்டுவந்து விடுவதையே பிழைப்பாக வைத்திருப்பவன். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எப்போதும் என் வலது பக்கம் நீந்தும் என் மனைவி கோமளா இல்லை அவன், அது ஒன்றுதான் குறை. மூக்கைப் பிடித்து ஊது, காதுக்குள் சின்னதாக ஒரு டப், இன்னும் கொஞ்சம் இறங்கு, மறுபடி ஊது. காது. இந்தக் காது என்கிற வார்த்தையே இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை மாதிரி ஆகிவிட்டது, யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. தலைக்கு மேலே படகின் அடிவயிறு கறுப்பாகத் தெரிகிறது. அதன் ஓரத்தில் ஒரு நிழல் குனிந்திருக்கிறது. அவள்தான். தொப்பியோடு விளிம்பில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரியும், ஆனால் முகம் தெரியவில்லை. மூச்சை இழு, விடு, இழு, விடு. என் மூச்சின் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. கடலுக்குள் இவ்வளவு அமைதி இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியவே தெரியாது. அவள் கூட வந்தால் கடல் ஒரு பாலர் பள்ளி. வாயில் குழாயைக் கடித்துக்கொண்டே பேசுவாள். ம்ம்ம் ம்ம்ம்ம் என்று, நண்டைக் காட்டி ஒரு ம்ம்ம், சிப்பியைக் காட்டி ஒரு ம்ம்ம், நான் பார்க்காவிட்டால் என் கால்துடுப்பைப் பிடித்து இழுத்து இன்னொரு ம்ம்ம். மேலே வந்ததும் "நான் சொன்னது வெளங்குச்சா?" என்று கேட்பாள். எப்படி லா விளங்கும், தண்ணிக்குள்ள? ஆனால் விளங்கியிருக்கும், அதுதான் வேடிக்கை.

இந்த வேலையெல்லாம் எனக்கு எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். கிள்ளான் பட்டணத்தில் வீடுவீடாகப் போய் ஏர்கோன் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவன் நான். ஏணியில் ஏறுவேன், அது போதும் எனக்கு வீரம். அவள் வேலை பார்க்கும் பாலர் பள்ளியின் ஆண்டு விருந்தில் குலுக்கல் வைத்தார்கள், எல்லாருக்கும் மின்விசிறியும் சோற்றுப் பானையும் விழ, இவளுக்குத் தீவுக்குப் போக இரண்டு பேருக்கான சீட்டு விழுந்தது. பானை விழுந்திருக்கலாமே என்றேன். "பானையில என்னங்க ஆழம் இருக்கு?" என்றாள். வந்தோம். முதல் நாளே என்னை ஒரு மீன் பார்த்த பார்வையில் நான் பாதி செத்துப்போனேன். அவளோ சிரித்தாள். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு சிரிக்கக் கூடாது. சிரித்தால் கன்னம் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விழும், அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அவள் சிரிப்பாள், தண்ணீர் புகும், மூக்கால் ஊதி வெளியே தள்ளுவாள், ஊதிய வேடிக்கைக்கு மறுபடி சிரிப்பாள். இப்படிச் சிரிப்புக்கும் பேச்சுக்குமாக முதுகுச் சிலிண்டரில் இருக்கும் காற்றில் பாதியை ஊதித் தள்ளிவிட்டு மீட்டரைக் காட்டுவாள். எனக்கு அப்போது முக்கால் வாசி மிச்சம் இருக்கும். நான் கஞ்சன், மூச்சிலும் கஞ்சன். இரண்டு பேர் சேர்ந்து இறங்கினால் சேர்ந்துதான் ஏற வேண்டும், முதலில் யாருக்குக் குறைகிறதோ அவர்கள் கணக்குதான் இருவருக்கும். ஆகவே என் சிலிண்டரில் மிஞ்சிய காற்றை ஒவ்வொரு தடவையும் படகில் திறந்துவிட்டு ஊரில் பாடுபட்டு வாங்கிய காற்று வீணாகப் போகிறதே என்று அவளைச் சீண்டுவேன். அந்த வீணாய்ப் போன காற்றெல்லாம் எங்கேயாவது இருக்குமா? இருந்தால் இப்போது கொஞ்சம் இந்தப் பக்கம் வரட்டும்.

அடி மணல் தெரிகிறது. ரொஸ்லி விரல்களை வட்டமாக வைத்துச் சரியா என்கிறான், நானும் வட்டம் காட்டுகிறேன், சரிதான், எல்லாம் சரிதான். இங்கிருந்து நேராகப் போனால் இரட்டைப் பாறை. கடல் தரையிலிருந்து எழும்பி நீருக்கு மேலேயும் தலை நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பெரிய பாறைகள், நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் தரை சட்டென்று கீழே இறங்கிவிடுமாம். சுவர் முழுக்க ஆள் உயரத்துக்கு ஊதா விசிறி மாதிரி பவளம் முளைத்திருக்குமாம். இந்த "மாம்" எல்லாம் ரொஸ்லி சொன்னது. நாங்கள் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. பள்ளி விடுமுறை விட்டால் போதும், வருஷா வருஷம் இதே தீவு, இதே படகு, இதே பாறை, இதே சந்து. சரியாக அந்தச் சந்தின் வாசலுக்கு வந்ததும் அவள் ஒரு கை விரல்களை மறு உள்ளங்கையில் முட்டுக்கொடுத்துக் காட்டுவாள். பாதிக் காற்று முடிந்தது, திரும்பலாம் என்று அர்த்தம். இந்த வேலையில் ஒரு மரியாதை இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் இறங்குமுன் ரொஸ்லி அதைச் சொல்லித்தான் அனுப்புவான். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று கை காட்டலாம், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. தண்ணிக்குள்ளேயும் கேட்கக்கூடாது, மேலே போய்ச் சாப்பிடும்போதும் கேட்கக்கூடாது. நான் கேட்டதில்லை. "பரவால்ல கோமளா, அது எங்கயும் ஓடிடாது" என்பேன். "அது ஓடாது, நான்தான் ஓடிடுவேன்" என்பாள் தலையைத் துவட்டிக்கொண்டே. ஆனால் எனக்கு அந்தப் பக்கம் வேண்டும். இப்போதாவது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், யார் கேட்கப் போகிறார்கள் இந்தத் தண்ணிக்குள். கிள்ளானில் யார் வீட்டுக் கூரைக்கு அடியிலாவது படுத்துக்கொண்டு தூசியைத் தின்னும் மத்தியான நேரங்களில் நான் அந்தச் சந்தைத்தான் நினைப்பேன். எவ்வளவோ ஆசைப்பட்டேன். அங்கிருந்து ஒரு சத்தம்கூட வரும். கறக், கறக், கறக் என்று. முதல் தடவை கேட்டபோது படகில் ஏறியதும் அவள் சொன்னாள்: "அந்தப் பக்கம் யாரோ முறுக்கு திங்கறாங்க." அதன் பிறகு அது முறுக்குதான். ஒவ்வொரு வருஷமும் யார் அங்கே உட்கார்ந்து முறுக்கு தின்கிறார்கள் என்று இரண்டு பேரும் இரவுச் சோற்றின்போது வாதம் செய்வோம்.

சளியோடு போகாதே என்று நான் சொல்லத்தான் செய்தேன். கேட்பவளா அவள்? போன வருஷம் மூக்கை அடைத்துக்கொண்டு இறங்கினாள், இறங்கிய வேகத்தில் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தாள், கண்கள் எங்கேயோ சுழன்றன. அந்தக் கண்களை இப்போது நினைக்காதே. மூச்சை இழு, விடு. வலது காதின் உள்ளே கிழிந்துவிட்டது என்று கோலாலம்பூரில் தைத்தார்கள். தைத்த பிறகும் அந்தக் காது பாதிக் காதுதான். மேலே மிதக்கலாம், நீந்தலாம், ஆழத்துக்கு மட்டும் இனி ஆயுசுக்கும் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மேல மிதக்கறது சின்னப் பிள்ளைங்க வெளையாட்டு, எனக்கு வேணாம்" என்று மாஸ்க்கைக் கொண்டுபோய்ச் சாமான் அறையில் போட்டாள். அழுதாளா என்று கேட்டால், இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வேறு ஒன்று கற்றுக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் கேட்பதால் எல்லாச் சத்தமும் கலங்கிவிடுகிறதாம். ஆகவே கல்யாணமா, நீங்க போயிட்டு வாங்க. பத்துமலைக் கோயிலுக்கா, நீங்க போயிட்டு வாங்க. இரவுச் சந்தையில் அப்பம் போடுகிறார்கள், வாயேன் என்றால், நீங்க போயிட்டு எனக்கு ரெண்டு வாங்கிட்டு வாங்க. போயிட்டு வந்து நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், யார் வந்தார்கள், என்ன சேலை, என்ன சாப்பாடு. இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு புன்னகையோடு கேட்பாள். நன்றாகத்தான் கேட்பாள். இதற்கு முன்னால் எங்கள் வீட்டில் போயிட்டு வாங்க என்கிற வார்த்தையே கிடையாது. போலாம் என்பதுதான் வார்த்தை. நான் செருப்பை மாட்டுவதற்குள் அவள் வாசலில் நின்று "போலாம், போலாம், போலாம்" என்பாள். அந்தப் போலாமைக் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது, எனக்கு அது இல்லாமல் முடியவில்லை. இந்தப் பயணத்துக்கே நான் வரமாட்டேன் என்றேன். அவள்தான் இழுத்து வந்தாள். வேறு எதற்கும் இழுக்காதவள் இதற்கு மட்டும் இழுத்தாள் என்று நான் உள்ளுக்குள் துள்ளினேன். காலையில் படகில் வைத்துத்தான் விஷயம் தெரிந்தது. என் இடுப்புப் பட்டையை அவளே இறுக்கிவிட்டாள். "இன்னிக்குத்தான் உங்களுக்கு என் தொல்ல இல்லயே. அந்தப் பக்கம் போயிட்டு வாங்க. முறுக்கு யாரு திங்கறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க." "நீ இல்லாம எதுக்கு லா?" என்றேன். "நான்தான் இங்க இருக்கனே. ஒங்க குமிழியப் பாத்துகிட்டேதான் இருப்பேன். பாக்காம வந்தீங்க, படகுல ஏத்த மாட்டேன்." ரொஸ்லிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சிரித்தான்.

இதோ பாறை. பச்சையும் சாம்பலுமாக இரண்டு சுவர்கள், நடுவில் சந்து, சந்துக்குள் நீலம். எத்தனை தடவை இங்கே வந்து நின்று திரும்பியிருக்கிறேன், ஒரு தடவைகூட அந்த நீலத்தை நிம்மதியாகப் பார்த்ததில்லை, அவள் மீட்டரைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது பார். நன்றாகப் பார். மீட்டரில் முக்கால் வாசி இருக்கிறது. உன் காற்று, உன் நேரம், உனக்கு முன்னால் வாசல். கறக், கறக். முறுக்குத் தின்னும் சத்தம் காதில் இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. ரொஸ்லி கையை நீட்டி முன்னால் போங்கள் என்கிறான். சந்துக்குள்ளிருந்து குளிர்ந்த நீரோட்டம் ஒன்று வந்து கழுத்தில் படுகிறது, ஏர்கோன் பெட்டிக்கு முன்னால் நின்ற மாதிரி. ஒரு உதை உதைத்தால் போதும், உள்ளே போய்விடுவேன். போய் அந்த ஊதா விசிறிகளைப் பார்ப்பேன், எண்ணி எண்ணிப் பார்ப்பேன், மேலே போய் அவளிடம் சொல்வேன், அவள் இடது காதைத் திருப்பிக்கொண்டு கேட்பாள், நன்றாக இருக்குங்க என்பாள். அவ்வளவுதான். அதோடு முடிந்தது. இனி அந்தப் பக்கம் என்பது நான் பார்த்ததும் அவள் கேட்டதும். ஆனால் அவள் கேட்டுவிட்டுப் போகட்டுமே, அவள்தானே அனுப்பினாள், அவளுக்காகத்தானே, நான் திரும்பினால் அவள் ஆசையில் மண்ணைப் போட்ட மாதிரி ஆகாதா, என் கண்ணால்தானே அவள் பார்க்க முடியும். ஆமாம், அதுவும் சரி. அதுவும் சரி, எனக்கும் ஆசை, போ, போய்த் தொலை. காலை மடக்குகிறேன். அப்போது சந்திலிருந்து ஒரு முகம் வருகிறது. முன்நெற்றி புடைத்த, என் தொடையைவிடப் பெரிய பச்சை மீன், பல் இரண்டும் வெளியே, வாய் ஓரத்தில் பவளத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முறுக்குத் தின்கிற ஆள் இவர்தான். என்னை மேலும் கீழும் பார்க்கிறார், யாரைக் கேட்டு வந்தாய் என்கிற மாதிரி. அச்சு அசல் எங்கள் பெரியண்ணன் கதிரேசன், தீபாவளிக்கு வாசலில் வந்து நிற்கும்போது இதே நெற்றி, இதே பார்வை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, கன்னம் சுருங்கி மாஸ்க்குக்குள் தண்ணீர் குபுகுபுவென்று புகுகிறது, அந்த எரிச்சலோடே ம்ம்ம்ம் என்று கத்திக்கொண்டு வலது பக்கம் திரும்பிக் கையை நீட்டிக் காட்டுகிறேன். ரொஸ்லி. ரொஸ்லி என் விரலைப் பார்க்கிறான், மீனைப் பார்க்கிறான், வட்டம் காட்டுகிறான். மீன் என்றால் அவனுக்கு மீன்தான். பாவம், அவனுக்கு என் அண்ணனைத் தெரியாதே.

மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியே தள்ளுகிறேன். பெரியண்ணன் வாலை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். கறக், கறக். கோமளா, கோமளா, கோமளா. கடலுக்குள் மூச்சைத் தாறுமாறாக விடக் கூடாது, தெரியும், தெரிந்தும் விடுகிறேன், கஞ்சன் கை திறந்துவிட்டது, மீட்டர் முள் என் கண் முன்னாலேயே அசைகிறது. எவ்வளவு நேரம் அந்த வாசலில் நின்றேனோ தெரியாது. பிறகு என் கைகள் தாமாகவே மேலே வருகின்றன. ஒரு கையின் விரல்களை மறு உள்ளங்கையில் முட்டுக்கொடுக்கிறேன். பாதிக் காற்று. பொய். ரொஸ்லி நீந்திவந்து என் மீட்டரைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். பிறகு என் கண்ணைப் பார்க்கிறான். மீட்டரை மெதுவாகக் கீழே விடுகிறான். பிறகு திரும்பலாம் என்று கையைச் சுழற்றுகிறான். கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவன். வந்த வழியே திரும்பும்போதுதான் பயம் வருகிறது. என்ன சொல்வேன் அவளிடம்? மேலே ஏறுமுன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்க வேண்டும், உடம்பு பழகுவதற்காக. தொங்கிக்கொண்டே பொய்களைக் கோக்கிறேன். ஊதா விசிறிகள், ஆள் உயரம், இல்லை, ஆளைவிட உயரம். அதற்குள்ளே மஞ்சள் மீன்கள். கீழே இருட்டு. ஒரு ஆமை போடலாமா? ஆமை வேண்டாம், ஆமை என்றால் எந்தப் பக்கம் போயிற்று என்பாள், எனக்குப் பதில் தெரியாது. அவளிடம் நான் சொன்ன பொய் எதுவும் நின்றதே இல்லை, என் காதுமடல் சிவந்துவிடும் என்பாள். காற்றுப் பத்தவில்லை என்று மட்டும் சொல்லலாம். நானா? இத்தனை வருஷம் மிச்சம் வைத்த நானா? படகின் அடியில் அந்த நிழல் அங்குமிங்கும் நடக்கிறது, நிற்கிறது, குனிகிறது. எனக்கு அந்த நிழல் போதும் போல் இருக்கிறது, போதாமலும் இருக்கிறது.

தலை மேலே வந்ததும் வெயில் முகத்தில் அறைகிறது. அவள் படகு விளிம்பில் மண்டியிட்டு இருக்கிறாள். "பாத்தீங்களா?" என்று கேட்கவில்லை. கையைக் கொடுத்து இழுக்கிறாள். சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு அவளுடைய இடது பக்கமாகப் போய் உட்கார்ந்து, "காத்து பத்தல கோமளா" என்கிறேன். என் காதுமடல் சுடுகிறது. அவள் எட்டி என் மீட்டரை எடுத்துப் பார்க்கிறாள். முள் இன்னும் பாதிக்கு மேலேதான் நிற்கிறது. பிறகு ரொஸ்லியிடம் மலாயில் உரக்கச் சொல்கிறாள், இன்றைக்கு அங்கிளுக்குக் காற்றுப் பத்தவில்லையாம். ரொஸ்லி துடுப்புகளை அலசுகிறான்.

"அந்தப் பக்கம்?" என்கிறாள் மெதுவாக.

"போகல."

"முறுக்கு?"

"பெரியண்ணன்தான் திங்கறாரு. வாசல் வரைக்கும் வந்து என்னை மொறச்சுப் பாத்துட்டு உள்ள போயிட்டாரு."

அவள் முகம் கோணுகிறது. பிறகு வெடித்துச் சிரிக்கிறாள், படகே ஆடுகிற மாதிரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "நெத்தியா? பல்லுமா?" என்கிறாள். "அதே நெத்தி, அதே பல்லு" என்கிறேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்க்கிறாள். "ஒங்க குமிழி வாசல்ல ரொம்ப நேரம் நின்னுச்சு. போங்க, போங்கன்னு நான் இங்கேருந்து கத்திகிட்டே இருந்தேன். அப்புறம் குமிழி திரும்பிருச்சு." தொப்பியின் விளிம்பைக் கீழே இழுத்துக்கொள்கிறாள். "சொல்ல வெக்கமா இருக்கு. சந்தோஷமா இருந்துச்சுங்க."

அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். உப்பும் வெயிலுமாகச் சுடுகிறது.

"ஏன் திரும்புனீங்கன்னு நான் கேக்கல. கேக்கக் கூடாதுல்ல" என்கிறாள். "பரவால்ல, அது எங்கயும் ஓடிடாது." சொல்லிவிட்டு எழுந்து தன் பையைத் திறக்கிறாள். துண்டுக்கும் தண்ணீர் போத்தலுக்கும் அடியிலிருந்து அவளுடைய பழைய மாஸ்க் வெளியே வருகிறது, சாமான் அறையில் தூசி தின்றுகொண்டிருக்கும் என்று நான் நினைத்த அதே மாஸ்க். எப்போது எடுத்து வைத்தாளோ. எச்சிலைத் துப்பிக் கண்ணாடியைத் தேய்க்கிறாள், ரொஸ்லியிடம் படகைப் பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் விடச் சொல்கிறாள்.

"மேலேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது லா. வெறும் நீலந்தான் தெரியும்" என்கிறேன்.

"நீலத்தப் பாப்போம்."

என்ஜின் இரைகிறது. இரட்டைப் பாறையின் தலைகள் எங்களுக்கு இடப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து, நான் இதுவரை பார்க்காத முதுகைக் காட்டுகின்றன. ரொஸ்லி என்ஜினை அணைக்கிறான். அவள் வலது காதில் மெழுகு அடைப்பானை வைத்து அழுத்திவிட்டு, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, விளிம்பில் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நான் இன்னும் துடுப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், எப்போதும் போலத் தாமதம்தான்.

"போலாம்" என்கிறாள். "போலாம், போலாம்."

நான் முதலில் குதிக்கிறேன். அடுத்த நொடி எனக்கு வலது பக்கம் சளார் என்று தண்ணீர் தெறிக்கிறது.